கலந்ததும் சரியானது, இரண்டு மணி நேரத்தில் கெட்டது: ஃபேக்டர் 8-க்கு எதிரான ஆன்டிபாடி, ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 71 வயதுப் பெண்மணி. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வலது முன்கை முழுக்கக் கருநீலமாக ரத்தக்கட்டு. எங்கும் இடித்துக்கொண்ட நினைவு அவருக்கு இல்லை. தொடையின் பின்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொன்று. வார்டில் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டை சுற்றிய இடத்தில் மறுநாள் காலை புதிதாக ஒரு கட்டு. ஹீமோகுளோபின் 7.6. முன்கை வீக்கம் இறுகிக்கொண்டே வந்தது, விரல்களில் மரமரப்பு. உள்ளே தேங்கிய ரத்தத்தைத் திறந்து வடித்துவிடலாமா என்று அறுவை சிகிச்சைக் குழு யோசித்துக்கொண்டிருந்தது.

பழைய கதையைக் கேட்டால் ரத்தப்போக்கு நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. இரண்டு பிரசவம், பித்தப்பை அறுவை, பல் பிடுங்கியது என எதிலும் ரத்தம் நிற்காமல் போனதில்லை. குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க எந்த மருந்தும் எடுக்கவில்லை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான். எழுபது வருடம் ஒழுங்காக உறைந்த ரத்தம் திடீரென்று ஏன் உறைய மறுக்கிறது? பிறவிக் குறைபாடு இவ்வளவு காலம் ஒளிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எதையோ புதிதாகப் பெற்றிருக்கிறார்.

முதல் மாதிரி

பிடி, ஏபிடிடி இரண்டும் பிளாஸ்மா (ரத்த அணுக்கள் நீங்கிய திரவம்) உறைய எடுக்கும் நேரத்தை இரு வேறு பாதைகளில் அளக்கும் சோதனைகள். பிடி 12.6 விநாடி, இயல்பு. பிளேட்லெட் 2,48,000, அதுவும் இயல்பு. உறைகட்டியின் இழைகளுக்கு மூலமான ஃபைப்ரினோஜன் குறையவில்லை. ஏபிடிடி மட்டும் 82 விநாடி. எங்கள் இயல்பு எல்லை 26 முதல் 36 வரை.

இப்படி ஏபிடிடி மட்டும் தனியாக நீண்டு வந்தால், நோயைத் தேடுவதற்கு முன் ட்யூபைத் தேடுவது என் வழக்கம். நீல மூடி ட்யூபில், ரத்தம் உறையாமல் தடுக்கும் 3.2% சிட்ரேட் இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. ட்யூப் பாதிதான் நிறைந்திருந்தால் சிட்ரேட் அதிகமாகி, நேரம் பொய்யாக நீளும். ஹெபாரின் என்ற உறைதடுப்பு மருந்து விட்ட குழாயிலிருந்து ரத்தம் எடுத்திருந்தாலும் இதே கதைதான். கேட்டபோது, மாதிரி எடுத்தது கையில் போட்டிருந்த கேனுலாவிலிருந்து என்று தெரிந்தது. சரி, ஹெபாரினாக இருக்கும் என்று பாதி நிம்மதியானேன். த்ராம்பின் நேரம் பார்த்தோம்: 16 விநாடி, இயல்பு. ஹெபாரின் இருந்தால் முதலில் நீளுவது அதுதான். அப்படியும் மறு கையில் ஊசி குத்தி, ட்யூபைக் கோடு வரை நிரப்பி, புது மாதிரி வாங்கினோம். ஏபிடிடி மீண்டும் 82.

ஊசி குத்திய இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். இதுபோன்ற நோயாளிகளுக்கு ஒவ்வொரு ஊசியும் ஒரு புதிய ரத்தக்கட்டுக்கு அழைப்பு. ஒரே குத்தலில் போதிய மாதிரி எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்துக்கொண்டால் மறுபடி மறுபடி குத்த வேண்டியதில்லை. அந்த பிளாஸ்மாவை இரண்டு முறை சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். பிளேட்லெட் மிச்சமிருந்தால், உறைந்து உருகும்போது அவை உடைந்து கொழுப்புச் சவ்வுகளை வெளியே விடும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (கொழுப்புச் சவ்வோடு ஒட்டி ஏபிடிடியை நீட்டும் ஆன்டிபாடி) இருந்தாலும் அந்தக் கொழுப்பு அதை மறைத்துவிடும்.

கலப்புச் சோதனை

நோயாளியின் பிளாஸ்மாவையும் பலரிடமிருந்து சேர்த்த இயல்பான பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து ஏபிடிடி பார்ப்பதுதான் கலப்புச் சோதனை. ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) குறைந்துதான் நேரம் நீண்டதென்றால், இயல்பான பிளாஸ்மா அதை ஈடுகட்டிவிடும். பாதி அளவு ஃபேக்டர் இருந்தாலே ஏபிடிடி இயல்புக்கு வந்துவிடும். எதையோ எதிர்க்கும் ஒன்று (தடுப்பான்) உள்ளே இருந்தால், அது இயல்பான பிளாஸ்மாவில் இருக்கும் ஃபேக்டரையும் சேர்த்து முடக்கும், நேரம் நீண்டே இருக்கும்.

இயல்பான பிளாஸ்மா 31 விநாடி, நோயாளி 82, கலவை 38. ரோஸ்னர் குறியீடு என்று ஒரு கணக்கு உண்டு: கலவையின் நேரத்திலிருந்து இயல்பான பிளாஸ்மாவின் நேரத்தைக் கழித்து, நோயாளியின் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 8.5 வந்தது. எங்கள் ஆய்வகத்தில் 15-க்கு மேல் போனால்தான் தடுப்பான் என்று கருதுவோம்.

"டாக்டர், மிக்ஸிங் கரெக்ட் ஆயிடுச்சு. ஃபேக்டர் குறைபாடுன்னு ரிப்போர்ட் அனுப்பிடலாமா?" என்று டெக்னீஷியன் கேட்டார். தாளில் பார்த்தால் அவர் சொன்னது சரி. எங்கள் படிவத்தில் அப்போது கலப்புச் சோதனைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்தக் கட்டத்தில் 38 என்று எழுதி அனுப்பியிருந்தால், வார்டில் பிளாஸ்மா பைகளை ஏற்றியிருப்பார்கள், ஏபிடிடி கொஞ்சம் இறங்கியதும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோயிருப்பார்கள். நான் நிறுத்தியதற்குக் காரணம் நோயாளியின் கதை. 71 வயதில் பிறவிக் குறைபாடு புதிதாக முளைப்பதில்லை.

கலவையை 37 டிகிரி வாட்டர்பாத்தில் இரண்டு மணி நேரம் வைத்தோம். பக்கத்திலேயே தனித்தனி ட்யூபில் நோயாளியின் பிளாஸ்மாவும் இயல்பான பிளாஸ்மாவும் அதே நேரத்துக்கு. பின்னவற்றை ஏன் வைக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. ஃபேக்டர் 8 நிலையில்லாத புரதம். வாட்டர்பாத்தில் சும்மா வைத்தாலே கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும். ஆகவே இரண்டு மணி நேரம் கழித்து நேரம் நீண்டால், அது ஆன்டிபாடியின் வேலையா, வெறும் சூட்டின் வேலையா என்று பிரித்துச் சொல்ல ஓர் ஒப்பீடு வேண்டும். தனித்தனியாக வைத்த இரண்டையும் கடைசி நிமிடத்தில் கலந்து பார்ப்பது அதற்குத்தான்.

இயல்பான பிளாஸ்மா 33, நோயாளி 88. தனித்தனியாக வைத்துக் கடைசியில் கலந்தது 40. இரண்டு மணி நேரம் ஒன்றாக இருந்தது 61. அதே பிளாஸ்மா, அதே சூடு, அதே நேரம். ஒன்றாக இருந்தார்களா, தனியாக இருந்தார்களா என்பது மட்டும்தான் வித்தியாசம், அதில் 21 விநாடி. ரோஸ்னர் கணக்கு இப்போது 31.8.

ஃபேக்டர் 8-க்கு எதிரான ஆன்டிபாடி இப்படி மெதுவாக வேலை செய்வதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, அந்தப் புரதம் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை, வான் வில்லிபிராண்ட் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது என்பது. அந்த ஒட்டுதலைத் தாண்டி ஆன்டிபாடி போய் ஒட்ட நேரமாகிறது. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பொதுவாக அப்படிக் காத்திருக்காது, கலந்த நொடியிலேயே நேரத்தை நீட்டிவிடும். பெயரில் ஆன்டிகோயாகுலன்ட் இருந்தாலும் அதனால் வரும் பெரிய ஆபத்து ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பது. நோயாளி எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிகிச்சை கொடுத்தால் விபரீதம். இவருக்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டைத் தேடும் டிஆர்விவிடி சோதனையும் செய்தோம், இயல்பு.

அன்று மாலையே அறுவை சிகிச்சைக் குழுவை அழைத்து, கத்தி வைக்க வேண்டாம் என்று சொன்னேன். எழுத்தில் ரிப்போர்ட் போகும் முன்பே சொன்ன சொல் அது.

எந்த ஃபேக்டர்?

ஏபிடிடி பாதையில் 8, 9, 11, 12 என்று நான்கு முக்கியப் புள்ளிகள். பிளாஸ்மாவைப் பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று நீர்த்து ஒவ்வொன்றையும் அளந்தோம். ஃபேக்டர் 9 முறையே 71, 84, 92%. ஃபேக்டர் 11 முறையே 68, 80, 91%. ஃபேக்டர் 8 மட்டும் மூன்றிலும் 2%.

ஒரே நீர்ப்பில் அளக்கும் ஆய்வகம் இங்கே ஏமாந்துபோகும். 9-ம் 11-ம் நீர்க்க நீர்க்க ஏறுவது ஏன்? அவற்றை அளக்கப் பயன்படுத்தும் பிளாஸ்மாவிலும் ஃபேக்டர் 8 இருக்கிறது. நோயாளியின் ஆன்டிபாடி அதையும் முடக்கிவிடுவதால் உறைதல் தாமதமாகி, 9 குறைவு, 11 குறைவு என்று பொய்யாகக் காட்டுகிறது. நீர்த்ததும் ஆன்டிபாடியும் நீர்க்கிறது, உண்மை வெளியே வருகிறது. எவ்வளவு நீர்த்தாலும் ஏறாமல் கிடப்பதே உண்மையான இலக்கு. முதல் நீர்ப்போடு நிறுத்தியிருந்தால் மூன்று ஃபேக்டர்களும் குறைவு என்று எழுதியிருப்போம்.

பெதஸ்டா கணக்கு

இருப்பது தெரிந்தது. எவ்வளவு? 1975-இல் வந்த பெதஸ்டா முறைதான் இன்றும் அடிப்படை, அமெரிக்காவின் மேரிலாண்டிலுள்ள பெதஸ்டா ஊரின் பெயர். இயல்பான பிளாஸ்மாவோடு கலந்து 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தபின் ஃபேக்டர் 8-இல் பாதியை முடக்கும் அளவு ஒரு பெதஸ்டா யூனிட். 1995-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் இதைத் திருத்தினார்கள். வாட்டர்பாத்தில் பிளாஸ்மாவின் பிஹெச் ஏறி ஃபேக்டர் 8 தானாகவே கெடுவதால், ஆன்டிபாடியே இல்லாதவர்களுக்கும் சிறிய அளவில் 'இருக்கிறது' என்று பழைய முறை காட்டிக்கொண்டிருந்தது. இயல்பான பிளாஸ்மாவை பிஹெச் 7.4-க்குத் தாங்கல் கரைசல் சேர்த்து நிலைப்படுத்தினார்கள். ஒப்பீட்டு ட்யூபில் வெறும் தாங்கல் கரைசலுக்குப் பதில் ஃபேக்டர் 8 நீக்கிய பிளாஸ்மாவை ஊற்றினார்கள். இரண்டும் சிறிய மாற்றங்கள்தான், ஆனால் 0.6-க்குக் கீழே வரும் எண்களை இன்று நம்பிக்கையோடு 'இல்லை' என்று சொல்ல முடிவது அவற்றால்தான்.

இவருடைய பிளாஸ்மாவைப் பாதியாக நீர்த்தபோது மிஞ்சிய ஃபேக்டர் 22%. நான்கில் ஒன்றில் 34. எட்டில் ஒன்றில் 49. பதினாறில் ஒன்றில் 65. இவற்றை யூனிட்டாக மாற்றி நீர்ப்பால் பெருக்கினால் முறையே 4.4, 6.2, 8.2, 9.9 வருகிறது. ஒரே ரத்தத்துக்கு நான்கு விடை!

கணக்கில் தவறில்லை. பிறவி ஹீமோஃபிலியா (பிறவியிலேயே ஃபேக்டர் குறைந்த ரத்தப்போக்கு நோய்) உள்ளவர்களுக்கு, வெளியிலிருந்து ஏற்றிய ஃபேக்டருக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடி பெரும்பாலும் நேர்கோட்டில் நடந்துகொள்ளும். போதிய அளவு இருந்தால் ஃபேக்டரை முழுதாக முடக்கும், எந்த நீர்ப்பிலும் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். தன் உடலின் புரதத்தையே தாக்கும் ஆன்டிபாடி அப்படிப்பட்டதல்ல. எவ்வளவு இருந்தாலும் கொஞ்சம் ஃபேக்டரை விட்டுவைக்கும். இவருக்கு நீர்க்காத பிளாஸ்மாவிலேயே 14% மிஞ்சியது. முதலாவதை வகை 1 என்றும் இதை வகை 2 என்றும் பிரிக்கிறார்கள். வகை 2-க்கு பெதஸ்டா எண் ஒரு தோராயம்தான். 50%-க்கு மிக அருகில் வரும் நீர்ப்பை எடுப்பது எங்கள் வழக்கம், ஆகவே 8.2 என்று எழுதினேன். வேறு ஆய்வகம் இதே பிளாஸ்மாவுக்கு 6 என்றும் எழுதலாம். அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் ஒரு நோயாளியைக் கடைசி வரை ஒரே ஆய்வகம், ஒரே முறையில் அளக்க வேண்டும். 8-லிருந்து 6 ஆனது சிகிச்சையாலா, ஆய்வகம் மாறியதாலா என்று குழம்பக் கூடாது.

இன்னொன்று: அந்த எண்ணைப் பார்த்து ரத்தப்போக்கின் கடுமையைக் கணிக்க முடியாது. மிஞ்சிய 2% ஃபேக்டரை வைத்தும் முடியாது. பிறவி ஹீமோஃபிலியாவில் 2% உள்ளவருக்குப் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசியும். இங்கே மூட்டுகள் பெரும்பாலும் தப்பிவிடும், தோலுக்கடியிலும் தசைக்குள்ளும்தான் கொட்டும்.

காணாமல் போகும் ஆன்டிபாடிகள்

பெற்ற ஹீமோஃபிலியா ஏ என்பது இந்த நோயின் பெயர். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒன்றரைப் பேர். பெரும்பாலும் முதியவர்கள், இன்னொரு சிறு கூட்டம் பிரசவம் முடிந்த இளம் பெண்கள். பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் கிடைப்பதில்லை. மற்றவர்களிடம் லூபஸ், முடக்குவாதம், புற்றுநோய், சில மருந்துகள் பின்னணியில் இருக்கும். இவருக்குத் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

ஏபிடிடியில் மாட்டியதால் இவர் அதிர்ஷ்டசாலி. ரத்தப் புரதங்களுக்கு எதிரான எல்லா ஆன்டிபாடியும் இப்படி நேரத்தை நீட்டிக் காட்டிக்கொடுக்காது. ஃபேக்டர் 13-க்கு எதிராக வந்தால் பிடியும் ஏபிடிடியும் இரண்டுமே இயல்பு. உறைந்த கட்டி யூரியாவில் கரைகிறதா என்று தனியாகப் பார்த்தால்தான் சந்தேகமே எழும், அதுவும் மிகக் கடுமையாகக் குறைந்திருந்தால் மட்டும். வான் வில்லிபிராண்ட் புரதத்துக்கு எதிரானவை பல நேரங்களில் அதன் வேலையைத் தடுப்பதில்லை. ஒட்டிக்கொண்டு, ரத்தத்திலிருந்து விரைவாக அகற்றப்பட வைக்கின்றன. கலப்புச் சோதனையில் அது தெரியாது. ஃபேக்டர் 5-க்கு எதிரானது பிடியையும் ஏபிடிடியையும் சேர்த்து நீட்டும். அறுவையின்போது மாட்டு த்ராம்பின் கலந்த பசை பயன்படுத்தியவர்களிடம் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஏடிஏஎம்டிஎஸ்13 என்ற நொதிக்கு எதிராக வந்தால் கதையே தலைகீழ்: சிறு ரத்தக்குழாய்களில் கட்டிகள், பிளேட்லெட் சரிவு, நொதியின் செயல்பாடு 10%-க்கும் கீழே.

வேலையைத் தடுக்காமல் வெறுமனே ஒட்டும் ஆன்டிபாடியைப் பிடிக்க எலைசா (ஒட்டுவதை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) வேண்டும். பெற்ற ஹீமோஃபிலியாவில் எலைசாவில் தெரிவது பெரும்பாலும் ஐஜிஜி4 என்ற ஆன்டிபாடி வகை, கூடவே ஐஜிஜி1. அவை குறிவைப்பது ஃபேக்டர் 8-இன் ஏ2, சி2 பகுதிகளை. எங்களிடம் எலைசா இல்லை, இவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

சிகிச்சையும் ஐந்தாவது வாரமும்

ஃபேக்டர் 8 ஏற்றினால் ஆன்டிபாடி அதையும் தின்றுவிடும். ஆகவே அந்தப் படியையே தாண்டிப் போகும் மருந்து: மரபணு முறையில் தயாரித்த ஃபேக்டர் 7ஏ, உடல் எடையில் கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், முதலில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இரண்டாம் நாள் இரவு வார்டிலிருந்து பதறிப்போய் அழைத்தார்கள், பிடி 8 விநாடி, கருவி கெட்டுவிட்டதா என்று. கெடவில்லை. 7ஏ ஏற்றினால் பிடி அப்படித்தான் சுருங்கும். அந்த எண்ணுக்கும் ரத்தப்போக்கு நிற்பதற்கும் தொடர்பில்லை. ஹீமோகுளோபினையும் முன்கையின் சுற்றளவையும் பாருங்கள், அனாவசியமாக ட்யூப் அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். மூன்றாம் நாள் வீக்கம் தளர்ந்தது.

ஆன்டிபாடியை ஒழிக்க ஸ்டீராய்டு. ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்குக் கீழேயோ பெதஸ்டா 20-க்கு மேலேயோ இருந்தால் தொடக்கத்திலேயே இரண்டாவது மருந்தும் சேர்ப்பது 2020-ஆம் ஆண்டின் சர்வதேசப் பரிந்துரை. இவருக்கு இரண்டும் பொருந்தாததால் பிரெட்னிசோலோன் மட்டும், கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். வாரம் ஒரு மாதிரி.

முதல் வாரம் ஃபேக்டர் 3%, பெதஸ்டா 7.5. மூன்றாம் வாரம் 11, 3.1. ஐந்தாம் வாரம் ஃபேக்டர் 31%, பெதஸ்டா 0.3. அதாவது, இல்லை. ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கலாமா என்று வார்டு கேட்டது.

31% என்ற எண்தான் என்னை உறுத்தியது. ஆன்டிபாடி போயிருந்தால் இன்னும் வேகமாக ஏற வேண்டாமா? யோசித்தால், சிக்கல் சோதனைக்குள்ளேயே இருந்தது. பெதஸ்டா முறை நோயாளியிடம் ஃபேக்டர் 8 இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. முதல் மாதிரியில் 2% இருந்தபோது அது பரவாயில்லை. இப்போது அவருடைய சொந்த 31 சதவீதமும் ட்யூபுக்குள் சேர்ந்து, ஆன்டிபாடி தின்றதை ஈடுகட்டுகிறது. மிஞ்சியது 81% என்று கருவி காட்டியது அந்தக் கூட்டுத்தொகை.

அதே பிளாஸ்மாவை 56 டிகிரியில் முப்பது நிமிடம் வைத்தோம். ஃபேக்டர் 8 அந்தச் சூட்டில் அழிந்துவிடும், ஆன்டிபாடி தாங்கும். சுற்றி, படிந்ததை விட்டுவிட்டு மேலே இருந்ததை எடுத்து மறுபடி பெதஸ்டா. இம்முறை மிஞ்சியது 62%, ஆகவே 0.7. இருக்கிறது. ஸ்டீராய்டை அதே அளவில் தொடரச் சொல்லிவிட்டு, ஃபேக்டர் 8 அளவிடத்தக்க நிலைக்கு ஏறிய யாருடைய மாதிரியையும் சூடாக்காமல் பெதஸ்டா போடக் கூடாது என்று சுவரில் ஒட்டினேன்.

கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். இவருக்கு எமிசிஸுமாப் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மேலே சொன்ன சோதனைகளில் பாதி பயனற்றுப் போயிருக்கும். அது ஃபேக்டர் 8-இன் வேலையைத் தானே செய்வதால் ஏபிடிடி மிகச் சுருங்கி வரும், உறைதலை வைத்து அளக்கும் பெதஸ்டாவில் ஆன்டிபாடி மறைந்துவிடும். சூடாக்கினாலும் அந்த மருந்து அழியாது. மாட்டு ஃபேக்டர்களைக் கொண்டு செய்யும் குரோமோஜெனிக் முறை (உறைதலுக்குப் பதில் நிறமாற்றத்தை அளப்பது) அந்த மருந்தைப் பொருட்படுத்தாது, ஆகவே அந்த முறையைத்தான் நாட வேண்டும். நோயாளி அந்த மருந்தில் இருக்கிறார் என்று கோரிக்கைத் தாளில் யாராவது எழுதியிருந்தால்!

எட்டாம் வாரம் ஃபேக்டர் 96%, சூடாக்கிய மாதிரியிலும் ஆன்டிபாடி இல்லை. ஸ்டீராய்டைக் குறைக்கத் தொடங்கினார்கள். ஐந்தில் ஒருவர் அளவுக்கு நோய் திரும்ப வருவதால், முதல் ஆறு மாதம் மாதாமாதம் மாதிரி அனுப்பும்படி ஏற்பாடு.

பதினொன்றாம் வாரத்து மாதிரியில் ஏபிடிடி 27 விநாடி, ஃபேக்டர் 8 172%. டெக்னீஷியன் சந்தோஷமாக ரிப்போர்ட்டை நீட்டினார். நான் வார்டைக் கூப்பிட்டேன். அந்த அம்மா இன்னும் ஸ்டீராய்டில் இருக்கிறார், வயது 71, பெரும்பாலும் படுக்கையில்தான். ஃபேக்டர் 8 இவ்வளவு ஏறினால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கலாம், தடுப்பு மருந்து யோசியுங்கள் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம், "போன மாதம் வரை ரத்தம் நிற்கவில்லை என்று சொன்ன அதே நோயாளிக்கா?" என்று கேட்டார்கள். ஆமாம், அவருக்குத்தான்.